புள்ளி வைத்தால் பெயர் இல்லையாம்!

புது இணையதளத்தில் கணக்கு தொடங்கப் போனால் முதலில் கேட்பது யூசர்நேம். எதையாவது தட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவதுதான் எல்லோர் வழக்கமும். அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு விதி உட்கார்ந்திருக்கிறது என்பது, "இந்தப் பெயர் செல்லாது" என்று சிவப்பில் வரும்போதுதான் தெரியும். அந்த விதியில் தமிழ்ப் பெயருக்கு இடம் உண்டா? ஜாங்கோவை வைத்துப் பார்க்கலாம். காலேஜ் ப்ராஜெக்ட் செய்பவர்களுக்குப் பழக்கமான பெயர்தானே.

ஜாங்கோ, பைத்தானில் எழுதப்பட்ட வெப் ஃப்ரேம்வொர்க். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற ஊரில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து, 2005-ல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. லாகின், பாஸ்வேர்டு, யூசர்நேம் எல்லாம் அதில் தயாராகவே இருக்கும். ஆரம்பத்தில் யூசர்நேம் விதி ரொம்பச் சின்னது: எழுத்து, எண், அண்டர்ஸ்கோர் மட்டும், நீளம் 30-க்கு மேல் கூடாது. 2010-ல் வந்த 1.2 பதிப்பில் அட் குறி, முற்றுப்புள்ளி, பிளஸ், ஹைஃபன் சேர்ந்தன. இமெயில் முகவரியையே யூசர்நேமாக வைக்க வழி பிறந்தது.

பெரிய மாற்றம் 2016-ல், 1.10 பதிப்பில். நீளம் 150 ஆனது. விதியும் இரண்டானது. ஒன்று ஆஸ்கி விதி: ஆங்கில எழுத்து மட்டும். மற்றது யூனிகோடு விதி: எல்லா மொழி எழுத்துக்கும் அனுமதி. பைத்தான் 3-ல் யூனிகோடு விதிதான் தானாக வரும்.

அப்பாடா, இனி தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்றுதானே தோன்றுகிறது? அங்கேதான் சிக்கல்.

'கமலா' என்று தட்டிப் பாருங்கள். செல்லாது. 'கண்ணன்', செல்லாது. 'தமிழ்' என்பதே செல்லாது! ரஷ்ய எழுத்தில் இவான் என்று போட்டால் சரி. சீன எழுத்து சரி, கொரிய எழுத்தும் சரி. இந்தி, மலையாளம், சிங்களம் எல்லாம் தமிழோடு சேர்ந்து வாசலில் நிற்கின்றன.

யாரோ தமிழை வெறுத்து எழுதிய விதியா? இல்லை. விதிக்குள் இருப்பது ரெகுலர் எக்ஸ்பிரஷனில் 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ' எனப்படும் ஒரு சுருக்கம். சொல்லுக்குள் வரக்கூடிய எழுத்து என்று அர்த்தம். எது அப்படிப்பட்ட எழுத்து என்று பைத்தான்தான் முடிவு செய்கிறது. யூனிகோடு பட்டியலில் 'எழுத்து' அல்லது 'எண்' என்று வகைப்படுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் அண்டர்ஸ்கோராக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது 'தமிழ்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கணினிக்குள் அது 5 துண்டு: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. இதில் த, ம, ழ மூன்றும் எழுத்து. கொக்கியும் புள்ளியும் யூனிகோடு பட்டியலில் 'குறி' என்ற தனி வகை. பைத்தான் குறிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு துண்டு தவறினாலும் முழுப் பெயரும் அவுட்.

ஒன்றாம் வகுப்பில் படித்த கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இந்த விதி எத்தனையை உள்ளே விடும்? உயிர் 12, குறியே இல்லாத அகர வரிசை 18, ஆய்தம் 1. மொத்தம் 31! மீதி 216 எழுத்தும் இந்த விதிப்படி எழுத்தே இல்லை. அதற்கு வரும் எரர் மெசேஜ் என்ன தெரியுமா? எழுத்து, எண், குறிப்பிட்ட சில அடையாளங்கள் மட்டும் வரலாமாம். கமலா எழுத்தைத்தானே தட்டினார்?

இது தீர்க்க முடியாத பிரச்சினையும் இல்லை. ரெகுலர் எக்ஸ்பிரஷன் பற்றிய யூனிகோடு வழிகாட்டியே இந்தக் குறிகளையும் சொல்லெழுத்தோடு சேர்க்கச் சொல்கிறது. பெர்ல் மொழி அப்படித்தான் நடந்துகொள்கிறது.

"பாதுகாப்புக்காகத்தானே கறாராக இருக்கிறார்கள்" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. 2013-ல் ஸ்பாட்டிஃபை தானே எழுதி வெளியிட்ட ஒரு சம்பவம் இருக்கிறது. இன்னொருவரின் பெயரைப் போலவே, ஆனால் விசித்திரமான யூனிகோடு எழுத்துகளில் ஒரு கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டை மாற்றக் கேட்டால், அந்த மாற்றம் அசல் ஆளின் கணக்கில் போய் விழுந்தது. இந்த மாதிரி வேஷங்களைக் கலைக்கத்தான் ஜாங்கோ, என்எஃப்கேசி என்ற முறையில் பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து சேமிக்கிறது.

ஆனால் தமிழில் இந்தக் காவல் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 'கமல' என்று ஒரு கணக்கு இருக்கிறது. இன்னொருவர் முதல் எழுத்துக்குப் பதில் தமிழ் எண் ஒன்றைப் போட்டு '௧மல' என்று வருகிறார். பார்க்க இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தமிழ் எண்ணும் எண் வகைதான், அதனால் விதி உள்ளே விட்டுவிடும். என்எஃப்கேசியும் அதைத் தொடாது. நிஜமான கமலா வெளியே, போலி உள்ளே!

சரி, என்ன செய்யலாம்? ப்ராஜெக்ட் தொடங்கும் அன்றே ஏப்ஸ்ட்ராக்ட்யூசரிலிருந்து சொந்தமாக ஒரு யூசர் மாடல் எழுதி, அதில் யூசர்நேம் ஃபீல்டைத் திரும்ப வரையறுத்து, சொந்த வேலிடேட்டரைக் கொடுங்கள். பாதியில் மாடலை மாற்றுவது பெரிய தலைவலி. வேலிடேட்டரில், ஏற்கெனவே உள்ள எழுத்துகளோடு 11 உயிர்க்குறிகளையும் புள்ளியையும், ஆக 12 குறிகளைச் சேர்த்தால் போதும், 247-ம் உள்ளே வந்துவிடும். குறியில் பெயர் தொடங்கக் கூடாது என்பதையும், ௦ முதல் ௯ வரையான 10 எண்கள் வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இதனாலும் ஒரு வேலை கூடும். 'ஔவை' என்று சரியாகத் தட்டியதும், ஒ பக்கத்தில் ள போட்டு 'ஒளவை' என்று தட்டியதும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. 'ஒளி' என்று பெயர் வைப்பவரும் இருப்பார் என்பதால் அந்தச் சேர்க்கையைத் தடை செய்யவும் முடியாது. பெயரைத் தட்டியபடியே வைத்துக்கொண்டு, ஒப்பிடுவதற்கு மட்டும் 'ஒள' வருமிடமெல்லாம் 'ஔ' என்று மாற்றிய ஒரு பிரதியைத் தனி ஃபீல்டில் சேமித்து, அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்து வரி கோடு கூட வராது.

டெஸ்ட் எழுதும்போது எல்லோரும் போடுவது 'அட்மின்', 'டெஸ்ட்1' போன்ற ஆங்கிலப் பெயர்கள்தான். அதனால்தான் இந்த ஓட்டை கண்ணில் படுவதில்லை. அடுத்த முறை அந்த வரிசையில் அம்மா பெயரையும் பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் தமிழில் போட்டு ஒருமுறை ஓடவிடுங்கள். எது சிவப்பில் வருகிறதோ, அங்கே திருத்த வேண்டியது பெயரை அல்ல.