கலியபெருமாளின் தாலுகா

என் மனைவி வீட்டில் பூர்வீகம் என்று கையில் இருப்பது ஒரே ஒரு காகிதம். மலேசியாவின் கெடா மாநிலத்து ரப்பர் தோட்ட ஆபீஸில் அவளுடைய கொள்ளுத் தாத்தாவுக்கு எழுதிக் கொடுத்தது. பெயர் கலியபெருமாள். ஜில்லா திருச்சினாப்பள்ளி. தாலுகா உடையார்பாளையம். கிராமத்தின் பெயர் இருந்த இடம் மடிப்பில் நைந்து கிழிந்துவிட்டது.

பழைய உடையார்பாளையம் தாலுகா சின்னதல்ல. இன்றைய அரியலூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்குள் அடங்கும். தெற்கே கொள்ளிடக் கரையில் திருமழபாடி, கிழக்கே கங்கைகொண்ட சோழபுரம், நடுவில் வானம் பார்த்த பூமி. 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, மறுபடி சேர்ந்து, 2007இல் மீண்டும் தனியானது. ஒரு நூற்றாண்டுக்கு முன் கப்பல் ஏறியவர் சொன்ன முகவரியை இன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கான ஊர்கள் வருகின்றன.

அவர் போன வழி ஓரளவு ஊகிக்கக்கூடியதுதான். ரப்பருக்கு விலை ஏறிய காலத்தில் தோட்டத்துக் கங்காணிகள் சொந்த ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு. தாது வருஷப் பஞ்சத்தை (1876-78) பார்த்த தலைமுறையின் பிள்ளைகளுக்கு மழை பொய்ப்பது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. 1938இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. இவரும் திரும்பவில்லை.

காகிதம் கைவிட்ட பிறகு எங்களுக்கு மிஞ்சியது அந்தப் பெயர். அரியலூர், பெரம்பலூர், கடலூர்ப் பக்கத்து நண்பர்களிடம் கேட்டால் எல்லோருமே ஒரே திசையைக் காட்டினார்கள்: கல்லங்குறிச்சி. அரியலூருக்குப் பக்கத்திலிருக்கும் கலியுக வரதராசப் பெருமாள் கோயில். இந்த வட்டாரத்தில் அந்தப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்குக் கலியபெருமாள் என்றும் கலியமூர்த்தி என்றும் பெயர் வைப்பது தலைமுறை வழக்கம்.

புரட்டாசியில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நான் சென்னையிலேயே வளர்ந்தவன். அவள் கெடாவில் சுங்கைப்பட்டாணிக்காரி. இந்தப் பக்கம் இருவருக்குமே புதிது. விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை தாண்டிப் பெரம்பலூர் வரை அகலமான நெடுஞ்சாலை. அதிலிருந்து அரியலூருக்குத் திரும்பியதும் நிலம் மாறிவிட்டது. இருபுறமும் மக்காச்சோளம், பருத்தி, வெயிலில் வெடித்த கரிசல். எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள். பக்கத்து இருக்கையில் அவள் பேசாமல் வந்தாள். பச்சை தவிர வேறு நிறம் தெரியாத ரப்பர்க் காட்டில் பிறந்தவளுக்கு, தன் ரத்தம் இந்த வறண்ட மண்ணிலிருந்து வந்தது என்பது நம்பக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

கல்லங்குறிச்சி என்ற பெயரை நிலவியல்காரர்கள் வேறு காரணத்துக்காக அறிவார்கள். கடல் இங்கே கிடந்த காலத்தில், ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன், சிப்பிகள் மேல் சிப்பிகளாகப் படிந்து இறுகிய சுண்ணாம்புப் பாறை அடுக்குக்கு இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறைதான் இன்று சிமென்ட் ஆகிறது. வழியில் பெரிய சுரங்கக் குழி ஒன்றின் ஓரமாக நின்றோம். ஒரு காலத்தில் யாரோ ஏர் ஓட்டிய நிலம். கலியபெருமாளின் கொல்லை இப்படியொரு குழியாகியிருந்தால் நாங்கள் எதைத் தேடுவது என்ற பயம் அங்கே எனக்கு வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

கோயிலில் மூலவருக்குச் சிலை கிடையாது. இருப்பது ஒரு கல் கம்பம், அதில் ஆஞ்சநேயர் உருவம். தலவரலாறு மாட்டுக்காரக் குடும்பத்திலிருந்து தொடங்குகிறது. அந்தக் குடும்பத்தின் சினைப்பசு ஒன்று காணாமல் போகிறது. கனவில் வந்த சொல்லை நம்பித் தேடிப் போனால், விழுந்து கிடந்த ஒரு கம்பத்தின் பக்கத்தில் கன்றோடு நிற்கிறது. அந்தக் கம்பத்தை நிறுத்திக் கும்பிட்டதுதான் கோயில். ராஜாவும் இல்லை, திருப்பணி செய்த வள்ளலும் இல்லை. குடியானவன் கண்டெடுத்த தெய்வம். அதனால்தான் விளைந்ததைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

மனைவி தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தாள். அவள் பாட்டி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தது. உள்ளே மலேசியக் காசுகள். பாட்டியைக் கேட்டபோதெல்லாம் “பெருமாளுக்கு முடிஞ்சது, தொடாதே” என்பாராம். எந்த ஊர்ப் பெருமாளுக்கு என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். உண்டியலுக்கு முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே உள்ளே போட்டாள்.

மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எந்த ஊரும்மா?”

“மலேசியா, ஆயா. எங்க கொள்ளுத் தாத்தா பேரு கலியபெருமாள். ஊர் தெரியல.”

“இங்க தெருவுல நின்னு அந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டா நாலு பேரு திரும்பிப் பாப்பான். பேர வச்சு எப்பிடிக் கண்டுபிடிப்ப? ஒங்க ஊட்ல பெருமாளுக்கு என்ன படைப்பாங்க, அதச் சொல்லு.”

மனைவி யோசித்தாள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பாட்டி நாமம் போட்டுப் படையல் வைப்பார். அரிசிச் சோறுதான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஒரே குறை: “இது வரகரிசியா இருந்திருக்கணும். இந்தச் சீமையில வரகுக்கு எங்க போவேன்?”

ஆயாவின் முகம் மாறிவிட்டது. “வரகா? அப்ப நீ ஆத்தங்கரைக்காரி இல்ல. கொள்ளிடத்துப் பக்கம் நெல்லுக்காரங்க. நீ மேட்டுக்காட்டுக்காரி. செந்துறை, ஆண்டிமடம் பக்கம் போயி பாரு.”

நான் புத்தகங்களிலும் பதிவேடுகளிலும் தேடியிருந்தேன். ஒரு படையலில் என்ன தானியம் என்று கேட்கவேண்டும் என எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரே கேள்வியில் பாதித் தாலுகாவைக் கழித்துத் தந்துவிட்டார் அந்த ஆயா. இதை முழு ஆதாரம் என்று சொல்லமாட்டேன். மேட்டிலிருந்து ஆற்றங்கரைக்குப் பெண் கொடுத்திருக்கலாம், குடி பெயர்ந்திருக்கலாம். ஆனாலும் வரகுக்காக ஏங்கிய நாக்கு எங்கோ வரகு தின்று வளர்ந்த வீட்டில்தான் பழகியிருக்க வேண்டும்.

அன்று மாலையே செந்துறைச் சாலையில் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தோம். முந்திரித் தோப்புகள், செம்மண். எந்த ஊரிலும் இறங்கி விசாரிக்க வெளிச்சம் இல்லை. காரில் வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, கொள்ளிடக் கரை ஊர்களைப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தாள் அவள். ராமநவமிக்குத் தொடங்கும் பெருவிழாவில் சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் கல்லங்குறிச்சிக்கு வந்து கூடும். தேரோட்டத்துக்கு முந்தின நாளே வந்துவிடுவது, செந்துறை, ஆண்டிமடம் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர் கதை ஏதாவது வீட்டில் உண்டா என்று கேட்பது என முடிவு செய்திருக்கிறோம். படைக்க வரகரிசி இப்போதே வாங்கி வைத்துவிட்டாள்.