முதல் ஒரு அடி

டிராக் பந்தயத் தடத்தில், வண்டி அசைந்த உடனே கடிகாரம் ஓடத் தொடங்காது. முன்சக்கரம் ஓர் ஒளிக்கற்றையை மறைத்துக்கொண்டு நிற்கும். அது விலகிய பிறகுதான் கணக்கு ஆரம்பம். அதற்குள் வண்டி சுமார் ஒரு அடி நகர்ந்திருக்கும். அமெரிக்காவில் இதை ‘ரோல்அவுட்’ என்பார்கள். அங்குள்ள கார்ப் பத்திரிகைகளும் இந்த ஒரு அடியைக் கழித்துவிட்டுத்தான் பெரும்பாலும் நேரத்தைச் சொல்கின்றன. புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் கிளம்பும் வண்டிக்கு அந்த ஒரு அடியைத் தாண்டக் கால் விநாடி ஆகும். கடிகாரம் ஓடத் தொடங்கும்போது அது ஏற்கெனவே மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கியிருக்கும்.

மிச்சிகனில் டெட்ராய்ட்டை ஒட்டிய ஊரில் இருக்கிறேன். கார் உதிரிபாகத் தொழிலில் வேலை. 2021 செப்டம்பரில் ரிவியன் ஆர்1டி வாடிக்கையாளர் கைக்கு வந்ததிலிருந்து எனக்கு மின்சார பிக்கப் பித்துப் பிடித்துக்கொண்டது. மூட்டை ஏற்றுகிற வண்டி, நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைலை, அதாவது 97 கிலோமீட்டரை, மூன்று விநாடியில் தொட்டது. அடுத்து வந்த ஜிஎம்சி ஹம்மர் நான்கு டன்னுக்கு மேல் எடை. அதற்கும் ஏறக்குறைய அதே மூன்று விநாடிதான் சொன்னார்கள். டெஸ்லா சைபர்டிரக்கின் சைபர்பீஸ்ட் வகைக்கு 2.6 விநாடி. ரோல்அவுட் கழிக்கப்பட்டது என்று அதற்கு அடிக்குறிப்பும் உண்டு.

அதே சைபர்டிரக், ஒரு போர்ஷே 911 காரை இழுத்துக்கொண்டே இன்னொரு 911ஐ முந்துவதாக 2023 நவம்பரில் ஒரு படம் காட்டினார்கள். கால் மைல் பந்தயம் என்றார்கள். படம் அரைக்கால் மைலிலேயே முடிந்திருந்தது. அதை எதிர்த்து நண்பர்களிடம் ராத்திரி முழுக்க வாதாடியிருக்கிறேன். அளவு என்றால் நேர்மை வேண்டாமா என்று கேட்டிருக்கிறேன்.

அப்படிக் கேட்ட நான் அளந்து எழுதிய நோட்டுப் புத்தகம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். மிச்சிகனில் உள்ள மிலன் டிராக்வே பந்தயத் தடத்தில் கோடைக்கால மாலைகளில் நண்பர்களின் வண்டிகளை ஓட்டி அளப்பேன். ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். பேட்டரி நிறைந்து, சூடேறியிருக்க வேண்டும். தடத்தில் பிசின் தெளித்து ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். பின் இருக்கை காலியாக இருக்க வேண்டும். பாதி சார்ஜில் ஓட்டியது, குளிரில் ஓட்டியது, டயர் வழுக்கியது எல்லாவற்றையும் ‘சரியில்லை’ என்று எழுதி அடித்துவிடுவேன். சார்ஜ் இறங்கினால் பேட்டரியின் வோல்டேஜ் இறங்கும். குளிரில் செல்களின் உள்மின்தடை கூடும். இரண்டிலும் மோட்டாருக்குப் போகும் சக்தி குறையும். எல்லாம் தெரிந்தேதான் அடித்தேன். எனக்கு வேண்டியது வண்டியின் ‘உண்மையான’ எண். 2023 ஜனவரியில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத் தலைவர் ஜெனிஃபர் ஹோமண்டி, மின்சார வண்டிகளின் எடையும் சக்தியும் கவலை தருவதாகப் பேசினார். ஹம்மரின் பேட்டரி மட்டுமே ஒரு ஹோண்டா சிவிக் எடை என்றார். படித்துவிட்டு, அட்டவணையில் எடைக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். அதோடு சரி.

எங்கள் ஊர்ப்பக்கம் கான்டனில் சமையல் ஆர்டர் எடுத்துச் செய்யும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், திருநெல்வேலிக்காரர். பெட்ரோல் வேனை விட்டு மின்சார பிக்கப் வாங்கலாமா என்று கேட்டார். நோட்டைப் பிரித்துக் காட்டினேன். இருப்பதிலேயே வேகமானதைக் கைகாட்டினேன். அவருக்கு வேகம் எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி” என்று வாங்கிவிட்டார். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே தேவையில்லை. வண்டிமேல் குற்றம் இல்லை.

ஒருநாள் அந்த வண்டியில் ஒரு வளைகாப்புக்குச் சாப்பாடு கொண்டுபோகிறோம். இட்லிப் பெட்டியும் சாம்பார் அண்டாவும் பின்தட்டில் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. ரசத் தூக்குவாளிக்கு மட்டும் இடமில்லை. அண்ணாச்சியின் மனைவி, எனக்கு மதினி, அதைப் பின் இருக்கையில் தன் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். நான் முன்னால், அண்ணாச்சிக்குப் பக்கத்தில்; பழக்கதோஷத்தில் என் கருவியை டாஷ்போர்டில் ஒட்டியிருந்தேன். ஃபோர்டு ரோட்டில் இடதுபுறம் திரும்ப நிற்கிறோம். எதிர்ச்சாரியில் வண்டிகள் விட்டபாடில்லை. நேரமாகிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன இடைவெளி வந்தது. அண்ணாச்சி தயங்கினார்.

“மிதிங்க அண்ணாச்சி. மூணு செகண்ட்ல அறுபதைத் தொடுற வண்டி இது.”

மிதித்தார். இருபது வருஷம் பெட்ரோல் வேன் ஓட்டிய கால் அது. அந்த வேனில் மிதித்தால் இன்ஜின் உறுமி, அப்புறம்தான் வண்டி கிளம்பும். அந்தத் தாமதத்துக்கும் சேர்த்தே அவர் கால் அழுத்தியது. மின்மோட்டாருக்கு அந்தத் தாமதம் கிடையாது. நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையையும் கொடுத்துவிடும். என் தலை போய் இருக்கையில் மோதியது. சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குள் பின்னாலிருந்து மூடி கழன்று விழுகிற சத்தம். பெருங்காயமும் மிளகும் வண்டி முழுக்க மணத்தது. மதினி கத்தவில்லை. “ஐயோ, ரசம்” என்று மட்டும் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். வலது மணிக்கட்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. சுடிதார் துணி தொடையோடு ஒட்டியிருந்தது.

மண்டபத்துக் குழாயில் கையையும் காலையும் காட்டிக்கொண்டே, “முதல்ல சோத்த எறக்குங்க” என்றார். அப்புறம்தான் அர்ஜென்ட் கேருக்குப் போனோம். நான்தான் மிதிக்கச் சொன்னேன், மன்னிச்சிருங்க மதினி என்றேன்.

“நீங்க சொன்னீங்க, அவுக மிதிச்சாக. பின்னால ஒருத்தி இருக்கான்னு ரெண்டு பேருக்கும் நெனப்பில்ல.”

அன்று இரவு கருவியிலிருந்த பதிவை எடுத்துப் பார்த்தேன். முதல் ஒரு அடி அதில் இல்லை. கழிக்கும்படி நான்தான் அமைத்து வைத்திருந்தேன். அதை மாற்றிவிட்டு மறுபடி பார்த்தேன். அந்தக் கருவி விநாடிக்குப் பத்து முறை அளக்கும். ஒரு புள்ளியில் வண்டி நிற்கிறது. அடுத்த புள்ளியில் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்து மென்பொருள் ஒரு நேர்கோடு இழுத்திருந்தது. மதினியின் கை வெந்தது அந்தக் கோட்டுக்குள் எங்கேயோ இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே அளக்கப்பட்டது எதுவுமே இல்லை. இத்தனை நாள் நான் எண்ணியது எவ்வளவு வேகம், எத்தனை விநாடி என்பதைத்தான். முடுக்கம் எவ்வளவு திடீரென்று ஏறுகிறது என்பதற்கு, பின் இருக்கையில் இருப்பவர் கழுத்துக்கும் மடிக்கும் தெரிகிற அந்த ஜெர்க்குக்கு, என் அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

இப்போதும் அளக்கிறேன். விநாடிக்கு நூறு முறை பதியும் முடுக்கமானியைப் பின் இருக்கைக்கு அடியில் வைக்கிறேன். பாதி சார்ஜ், பனிக்காலக் காலை, தட்டு நிறையப் பாரம், சிக்னலில் நின்று கிளம்புவது. முன்பு அடித்துப்போட்ட அத்தனையையும் எழுதுகிறேன். பழைய நோட்டிலிருந்த வரிகளையும் தேடினேன். கோடு போட்டு அடித்தவற்றில் பாதியைப் படிக்க முடியவில்லை.

அண்ணாச்சி வண்டியை மென்மையான ஓட்டமுறைக்கு மாற்றிவிட்டார், பொறுமையாகத்தான் ஓட்டுகிறார். மதினியின் மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது. ஆர்டர் இருக்கும் நாட்களில் அவர் அந்த வண்டியில் ஏறுவதில்லை. ரசத்தைப் பழைய பெட்ரோல் வேனில் வைத்து, தானே ஓட்டிக்கொண்டு பின்னால் வருகிறார். அந்த வேனுக்கு இன்ஷூரன்ஸும் பெட்ரோலும் இன்னும் அண்ணாச்சி தனியாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்.