ஓட்டமாவடியில் ஒரு சோடிக் கையுறை

கொழும்பிலிருந்து மட்டக்களப்புப் புகையிரதத்தில் வருபவர்கள் வாழைச்சேனை நிலையத்தில் இறங்கி ஓட்டமாவடிக்குப் போகலாம். 2010இல் புதிய பாலம் திறக்கப்படும் வரை இங்குள்ள ஒடுங்கிய இரும்புப் பாலத்தில்தான் புகையிரதமும் போனது, பஸ்ஸும் போனது. 2021 மார்ச் முதல் கொரோனாவில் மரணித்தவர்களின் ஜனாஸாக்கள் இப்பகுதியில் நல்லடக்கம் செய்யப்பட்டன. அதன்பின் இவ்வூரின் பெயரை நாடே அறிந்துகொண்டது.

வெயிலும் உப்புக்காற்றும்தான் இந்த மண்ணின் குணம். மார்கழி, தையில்கூட இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனாலும் மாரி மழையும் வாடைக்காற்றும் சேர்ந்தால் உடம்பு நடுங்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. வெட்டவெளியில் நனைந்துகொண்டு நின்ற வாயில்லா ஜீவன்கள்.

அந்த நாட்களில்தான் மாமியின் விரல்களைக் கவனித்தேன். வாவி இறாலை ஐஸிலிருந்து எடுத்து உரித்துக் கொடுப்பது அவருடைய தொழில். உரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டன. பிறகு நீலம் பாய்ந்து, கடைசியில் சிவந்து, எரிவெடுத்தது. சுபஹுக்கு வுழூச் செய்யும்போதும் இப்படித்தானாம். பல வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம். பக்கத்து வீட்டார் கண்ணூறு என்றார்கள்.

இதற்கு ரேனோ நோய் என்று பெயர். 1862இல் பிரான்சின் வைத்தியர் மொரிஸ் ரேனோ இதை விவரித்தார். குளிர் பட்டதும் விரலின் சிறு இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கிக்கொள்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் நடுவயதில் புதிதாகத் தொடங்கினால், ஒரு கையில் மட்டும் வந்தால், விரல் நுனியில் புண் உண்டானால், வேறு நோயின் அடையாளமாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

செய்தி கனடாவிலுள்ள மகளுக்குப் போனது. அடுத்த லீவில் ஊருக்கு வந்த ஒருவரிடம் பற்றரியால் சூடாகும் உட்கையுறை ஒரு சோடி கொடுத்தனுப்பினாள். மெல்லிய துணி. விரல்களின் முதுகுப்பக்கமாக நுண்ணிய கம்பி ஓடுகிறது. மணிக்கட்டில் சிறிய பற்றரி. பொத்தானை அமர்த்தினால் மூன்று அளவில் சூடு வரும். கூடிய சூட்டில் வைத்தால் பற்றரி சீக்கிரம் இறங்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானிகள் மின்சூடேற்றிய உடுப்பும் கையுறையும் அணிந்துதான் உறைகுளிரில் பறந்தார்கள். அந்தச் சங்கதிதான் இன்று பனி தேசத்துப் பஸ் தரிப்பிடங்களில் நிற்கும் நம் பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கிறது. (கொண்டு வருபவர்கள் கவனிக்க: கழற்றிய லிதியம் பற்றரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் அல்ல.)

மாமி போட்டுப் பார்த்தார். கை சூடாகியது, முகம் மலர்ந்தது. ஆனால் இறாலை எப்படி உரிப்பது? தண்ணீர்பட்டால் பற்றரி என்னாவது? நீரிழிவால் விரல் மரத்துப்போனவர்களுக்கு இது இன்னும் சிக்கல். சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை. வைத்தியர் சொன்னவை எல்லாம் வீட்டில் செய்யக்கூடியவை. வுழூவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர். கையை மட்டுமல்ல, நெஞ்சையும் காலையும் சேர்த்து மூடுவது. விரல் வெளுத்தால் இளஞ்சூட்டு நீரில் வைப்பது; அடுப்பு நெருப்பில் காட்டவே கூடாது. இறால் வேலைக்குப் பஞ்சுக் கையுறை, அதன்மேல் இறப்பர் கையுறை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மாமி, வெற்றிலையோடு போடும் புகையிலையை விடச் சொன்னபோதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புகையிலையும் இரத்தக் குழாயைச் சுருக்கும். அதை விட அவருக்கு நாலு மாதம் பிடித்தது.

பற்றரிக் கையுறை இப்போது சுபஹு தொழுதபின் முற்றத்தில் உட்கார்ந்து ஓதும் வேளைக்கு மட்டும். போன கிழமை மகள் தொலைபேசியில் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

"பற்றரி ஒண்டும் வேணாம் மகள். பஞ்சுக் கையுறை ஆறு சோடி அனுப்புங்க. என்னோட இறால் உரிக்கிற ரெண்டு பேருக்கும் விரல் வெளுக்குதாம்" என்றாராம் மாமி.