ஆச்சியின் பத்தாவது மணி

ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் நான்காம் ஞாயிறு நெருங்கும்போது நமக்குச் சற்றே மனச்சங்கடம் உண்டாவது வழக்கம். திருத்தந்தை பிரான்சிசு 2021-ஆம் ஆண்டில் அந்த ஞாயிற்றைத் தாத்தா பாட்டியர்க்கும் முதியோர்க்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார். மரியன்னையின் பெற்றோர் என மரபு போற்றும் சுவக்கின், அன்னா ஆகியோரின் திருநாள் ஜூலை 26-ல் வருவதால் அந்த ஞாயிறு பொருத்தமாயிற்று. அன்று நாமும் பீடத்தில் நின்று, திமொத்தேயுவின் விசுவாசம் முதலில் அவருடைய பாட்டி லோயியிடம் குடிகொண்டிருந்ததைப் பவுலடியார் நினைவுகூர்வதை விரித்துரைக்கிறோம். மக்களும் கேட்டுத் தலையசைக்கிறார்கள். ஆனால் நம் சொந்த ஆச்சியைப் பற்றி ஒருமுறையேனும் வாய் திறந்ததில்லை. திறந்தால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத்தான் இப்போது எழுதுகோலை எடுத்திருக்கிறோம்.

நம் தந்தையைப் பெற்ற ஆச்சியின் வீடு அம்பாசமுத்திரத்தில் இருந்தது. பள்ளி விடுமுறை விட்ட மறுநாளே மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பேரப்பிள்ளைகள் அங்கே வந்து குவிந்துவிடுவோம். திருநெல்வேலியில் வண்டி மாறி, தென்காசி மார்க்கமாகச் செல்லும் சிறிய இரயிலில் ஏறவேண்டும். அந்நாளில் அது மீட்டர் பாதை, நீராவி இயந்திரம். சன்னலோரம் உட்கார்ந்தவன் கண்ணில் கரி விழாமல் அம்பை வந்து சேர்ந்ததில்லை. சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஒவ்வொரு நிலையமாகக் கடக்கக் கடக்க, மேற்கே பொதிகை மலை நீலத்திலிருந்து பச்சைக்கு மாறும். கல்லிடைக்குறிச்சியைத் தாண்டியதும் பாலம், கீழே தாமிரபரணி. பாலத்தைக் கடந்தால் ஆச்சி. 2012-ல் அந்தப் பாதை அகலப்பாதையாகிவிட்டது. இப்போது கண்ணில் கரி விழுவதில்லை. பாலத்தை நிதானமாகப் பார்க்க நேரமும் கிடைப்பதில்லை.

எங்கள் தாத்தா விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். நாம் பிறக்குமுன்பே இறைவனடி சேர்ந்துவிட்டார். 1880-களில் ஆர்வி சகோதரர்கள் அந்த ஆலையை அங்கே நிறுவியதற்குக் காரணமே பாபநாசத்து நீர்வீழ்ச்சிதான். விழும் தண்ணீரின் விசையே இயந்திரங்களை ஓட்டியது. "ஒங்க தாத்தாவுக்குச் சம்பளம் குடுத்தது தொர இல்லலே, இந்தத் தண்ணிதான்" என்று ஆச்சி அருவியைக் காட்டிச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் ஆற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட நம் பள்ளிப் புவியியல் நூலில் இல்லை.

மே மாதம் முழுவதும் வாரத்துக்கு ஒரு நாள் உலா. முந்தின இரவே புளிச்சோறு கிளறி ஆறவைத்து, விடியலில் தேங்காய்த் துவையலும் கூழ்வற்றலும் சேர்த்து மூன்று தூக்குவாளிகளில் அடைப்பார். காலைத் திருப்பலி முடிந்து கோயில் வாசலிலிருந்தே புறப்பாடு. பிள்ளைகள் ஒன்பது பேர். ஆச்சியின் இடுப்பில் ஒரு மரச் செபமாலை செருகியிருக்கும். பேருந்தில் ஏறும்போதும், இறங்கும்போதும், சாப்பிட உட்காரும்போதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மணியாக உருட்டி எண்ணுவார். ஒன்பது மணி உருண்டபின் பத்தாவது மணியையும் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் மாலையைச் செருகுவார். அது யாருக்கு என்று ஒருநாள் கேட்டோம். "அது எனக்குலே. என்னையும் ஒருத்தர் எண்ணணும்லா?" என்றார்.

ஒரு வாரம் மணிமுத்தாறு. அந்த அணை 1958-ல், காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது. மண் சுமக்கப் போன பெண்கள் பலரை ஆச்சிக்குத் தெரியும். 118 அடி தண்ணீர் பிடிக்கும் அணை என்று அண்ணன்மார் கணக்குச் சொல்ல, ஆச்சியோ இன்னாருடைய தாயார் எத்தனை மாதம் அங்கே கூலிக்குப் போனார், அந்தப் பணத்தில் எந்த மகளைக் கட்டிக்கொடுத்தார் என்று வேறொரு கணக்குச் சொல்வார். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரே ஒரு முறை போனதுண்டு. குளிரும், கொண்டையூசி வளைவுகளில் எடுத்த வாந்தியுமே நினைவில் நிற்கின்றன. 2024-ல் அந்தத் தோட்டத்துப் பணிகள் நின்றுபோய், தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்த குடும்பங்கள் மலையிறங்க வேண்டியதாயிற்று என்று அறிந்தபோது, அந்தக் குளிரில் நமக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்த, பெயர் தெரியாத ஒரு தாயை நினைத்துக்கொண்டோம்.

நமக்கு மிகவும் பிடித்தது திருப்புடைமருதூர். வீரவநல்லூர் வரை பேருந்து; அப்புறம் மாட்டு வண்டி. கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் இடம் அது. கரையில் நிற்கும் மருத மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டியிருக்கும். பறவைகளின் கூச்சலில் நம் கூச்சல் எடுபடாது. அப்படி நாம் தோற்றுப்போன இடம் அது ஒன்றே என்று ஆச்சி சிரிப்பார். பதநீர்க்காரரை நிறுத்தி ஆளுக்கொரு ஓலைப்பட்டையில் வாங்கித் தருவார். சிவன் கோயில் ஊருக்கு ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று எவரோ குறை சொன்னதாகவும், "கொக்கு யாரு கோயிலுக்குப் போகுதுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்று ஆச்சி பதிலிறுத்ததாகவும் வீட்டில் பேசிக்கொள்வார்கள். 2005-ல் அரசு அந்த இடத்தைப் பறவைகள் காப்பகமாக அறிவித்ததைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

கடைசி வாரம் எப்போதும் பாபநாசம். தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் வாசல் அது. அங்கே ஆச்சியின் முகமே மாறிவிடும். மற்ற இடங்களில் சிரித்துப் பேசுகிறவர், பாபநாசத்தில் தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். சாப்பாட்டுக்கு முன் எங்களை வரிசையாக உட்காரவைத்து, ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் ஒரு கதையைச் சொல்வார். சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயரின் கதை. அந்தக் குருகுலத்தில் சாதி பார்த்துப் பந்தி வைத்ததால் எழுந்த பூசல் நாடறிந்தது. ஆச்சி அதற்குள் போகமாட்டார். 1925-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் மகளோடு பாபநாசத்து அருவிக்கு வந்ததையும், தண்ணீரில் விழுந்துவிட்ட மகளைக் காப்பாற்றக் குதித்து இருவருமே மாண்டதையும் மட்டுமே சொல்வார். "சீமைக்குப் போயிப் படிச்சவரு. துப்பாக்கி சுடத் தெரிஞ்சவரு. அவரையே இந்தத் தண்ணி விடல" என்று முடித்து, ஆற்றுக்குள் நிற்கும் ஒரு வெள்ளைப் பாறையைக் காட்டுவார். "அதைத் தாண்டினாக் கசம். கால் நிக்காது. யாரும் தாண்டப்படாது."

1979-ஆம் ஆண்டு. நமக்கு வயது பத்து. சித்தப்பாவின் மகளுக்கு ஆறு. சாப்பாடு முடிந்து ஆச்சி வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பாறைக்கு அப்பால் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்து கிடந்தது. மீன்குஞ்சுகள் கூட்டங் கூட்டமாகத் திரும்பின. துண்டை விரித்து மீன் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். பெரியவர்கள் எவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து, தங்கையை அழைத்தவர் நாமே. கையைப் பிடித்து அந்த வெள்ளைப் பாறையைச் சுற்றிக் கொண்டுபோனவரும் நாமே. பாசியில் அவள் கால் வழுக்கியது. துண்டின் மறுமுனை நம் கையில் கனமற்றுப் போனது. அவள் குரல் எழும்பவில்லை. நமக்கும் குரல் எழும்பவில்லை என்பதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. ஓசையில்லாமல் பின்வாங்கி, கரையேறி, மற்றப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துகொண்டோம்.

ஆச்சி இடுப்பிலிருந்து மாலையை எடுத்ததைக் கண்டோம். எட்டு மணி உருண்டு விரல் நின்றது. அதன்பின் அவர் போட்ட கூச்சல் படித்துறை முழுவதையும் எழுப்பிவிட்டது. துணி வெளுத்துக்கொண்டிருந்த ஒருவர் கைவேலையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, கசத்துக்குள் முங்கித் தலைமுடியைப் பற்றித் தூக்கிவந்தார். பிள்ளை நீரைக் கக்கி அழுதது. அவருடைய பெயரை ஆச்சி கேட்டு வைத்துக்கொண்டார். தாம் உயிரோடிருந்தவரை ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அவர் வீட்டுக்குப் பலகாரம் போயிற்று.

மறுநாள் சித்தப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்ந்தார். பெற்ற தாயைப் பார்த்து, முற்றத்தில், எல்லாருக்கும் முன்பாகப் பேசினார். அந்தச் சொற்களை எழுத மாட்டோம். கிழவியை நம்பிப் பிள்ளையை அனுப்பியதுதான் தம் புத்தியீனம் என்பது அவற்றில் மிகவும் மென்மையானது. ஆச்சி தூணில் சாய்ந்து நின்று, "என் கவனக்கொறவுதான்யா" என்று மட்டும் சொன்னார். நாம் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றோம். மூன்றடி எடுத்துவைத்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அத்தோடு உலாக்கள் நின்றன. சித்தப்பா அதன்பின் தம் பிள்ளைகளைக் கோடைக்கு அம்பைக்கு அனுப்பவில்லை. நம்மை அனுப்பினார்கள், ஆனால் ஆச்சி எங்கேயும் கூட்டிப் போகவில்லை.

1986-ல் குருமடத்தில் சேருமுன் ஆசி பெறப் போனோம். இரவு உணவுக்குப்பின், ஏழாண்டு காலமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லத் தொடங்கினோம். பாதி சொல்லுமுன்பே, "தெரியும்லே" என்றார். வாளி கழுவிக்கொண்டே நாம் பாறையைச் சுற்றிப் போனதைப் பார்த்தாராம்; கூப்பிட வாய் எடுத்தபோது பார்வையில் மறைந்துவிட்டோமாம். திரும்பி நாம் மட்டும் கரையில் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தாராம். பின் ஏன் சித்தப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டோம். "பத்து வயசுப் பய அந்த ஏச்ச வாங்குனா, பெறவு ஆத்தங்கரைக்கே போகமாட்டான். கெழவி வாங்குனா என்ன கொறஞ்சிரும்?" என்று சொல்லி, கல்லிடைக்குறிச்சி அப்பளம் இன்னும் ஒன்று இலையில் வைத்தார்.

இரண்டாண்டு கழித்து இறந்தார். நம் குருப்பட்டத்தைக் காணவில்லை.

இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தோம். ஆச்சி மன்னித்துவிட்டார், கணக்கு முடிந்தது என்று. ஒப்புரவு அருட்சாதனத்தில் எத்தனையோ பேருக்கு, பாவத்துக்கு மன்னிப்பு உண்டு, ஆனால் பிறருக்கு இழைத்த சேதத்தைச் சரிக்கட்டும் கடமை தனியே நிற்கிறது என்று எடுத்துச் சொல்லும் நாம், நம்மால் சேதமுற்றவர் இன்னொருவரும் இருக்கிறார் என்பதைக் காணவில்லை. 2011-ல் சித்தப்பா நோயில் விழுந்தபோது நோயில்பூசுதல் கொடுக்கப் போனோம். சடங்கு முடிந்து, எல்லாரும் வெளியே போனபின், வெறும் பேச்சாக அவர் சொன்னதுதான் இது, பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதன்று. "சாமி, எங்கம்மாவ அன்னைக்கி நான் ஏசுனது சரிதானே? புள்ள சாவக் கெடந்துச்சே. ஏசாம இருக்க முடியுமா?" என்றார். முப்பத்திரண்டு ஆண்டுகளாக அந்தக் கேள்வியைத் தமக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தாயின் சாவுக்கு வந்தவர் கல்லறை மண்ணைப் போடாமல் தள்ளி நின்றது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

நடந்ததைச் சொன்னோம். அவர் வெகுநேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம், கோபித்திருந்தால் எளிதாயிருந்திருக்கும். "அம்மா ஒண்ணுமே சொல்லலியே சாமி" என்று மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னார். நாம் சொன்னது அவருக்கு ஆறுதலாயிற்றா, சாகுந் தறுவாயில் இன்னொரு சுமையாயிற்றா என்று இன்றும் தீர்மானமாகச் சொல்ல இயலவில்லை. பதினொரு நாளில் போய்விட்டார்.

தங்கை இப்போது தானே ஆச்சியாகிவிட்டாள். நான்கு பேரப்பிள்ளைகள். சென்ற மே மாதம் அவர்களைக் கூட்டிக்கொண்டு பாபநாசம் வந்திருந்தாள், நம்மையும் அழைத்தாள். அவளிடம் நாம் எப்போதோ சொல்லிவிட்டோம். விழுந்தது நினைவிருக்கிறதாம், யார் கூட்டிப்போனது என்பது நினைவில்லையாம். படித்துறையில் உட்கார்ந்து புளிச்சோறு உண்டோம். தூக்குவாளிக்குப் பதில் எவர்சில்வர் டப்பாக்கள். உண்டு முடித்ததும் அவள் விரலை நீட்டிப் பிள்ளைகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு நம்மைப் பார்த்து, "ஒங்களையும் எண்ணிட்டேன் சாமியண்ணே" என்றாள்.

அந்தப் பாறை எது என்று கேட்டாள். தேடிப் பார்த்தோம். 2023 டிசம்பர் 17, 18-ஆம் நாள்களில் வந்த பெருவெள்ளத்துக்குப்பின் ஆற்றின் கிடப்பே மாறியிருந்தது. மணல் ஏறி, வெள்ளை முதுகு மட்டும் ஒரு சாண் தெரிந்தது. கைகாட்டினோம். கடைக்குட்டிப் பேத்தி உடனே எழுந்து, "அங்கே போகலாமா ஆச்சி?" என்றாள். தங்கை பதில் சொல்லாமல் நம் முகத்தைப் பார்த்தாள். நாம் அங்கியைக் கழற்றி மடித்துப் படியில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆழம் பார்க்க முன்னால் இறங்கினோம்.