பருப்பு வேகாத தண்ணீர்

வீட்டில் ஒரு நட்டம் நேர்ந்தால் அதன் காரணத்தை ஆராய்வதைவிடப் பழியை ஏற்க ஓர் ஆளைத் தேடுவதே நம்மவர் வழக்கமாயிருக்கிறது. பருப்பு வேகவில்லையென்றால் மருமகளுக்குக் கைராசி இல்லையென்பர். வெள்ளைத் துணி மங்கினால் அவளைச் சோம்பேறியென்பர். மின்கெண்டி ஓராண்டுக்குள் பழுதானால் அவளுக்குப் பொருளைப் பேணத் தெரியவில்லை என்பர். இம்மூன்றுக்கும் குழாயில் வரும் நீரே காரணமாகலாம் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

நான் கணக்கெழுதும் தோட்டம் பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கில் உள்ளது. ஈப்போ, கோப்பெங், கம்பார் ஆகிய ஊர்ப்பக்கம் சென்றோர், சமவெளியினின்றும் செங்குத்தாய் எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைக் கண்டிருப்பர். அக்கல் குன்றோடு நின்றுவிடவில்லை; மண்ணுக்கடியிலும் பரந்து கிடக்கிறது. எங்கள் வீடுகளுக்கு வருவது அம்மண்ணிலிருந்து இறைத்துத் தொட்டியில் ஏற்றிய ஆழ்கிணற்று நீர். கிழக்கேயுள்ள தித்திவங்சா மலைத்தொடரோ பெரும்பாலும் கருங்கல். ஆங்கிருந்து இறங்கும் ஆற்று நீர் மென்மையானது. ஆற்று நீர் பெறும் உறவினர் வீட்டில் பொங்கி நுரைக்கும் சவுக்காரம் எங்கள் வீட்டில் நுரைக்க மறுப்பது இதனாலேயே.

இதன் இயல்பைச் சிறிது விளக்குவேன். மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவை ஏற்று இலேசான புளிப்படைகிறது. அப்புளிப்பு சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துத் தன்னுடன் கொண்டு செல்லுகிறது. நீரைக் கொதிக்க வைத்தால் வாயு வெளியேறிவிடும். கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிக் கலத்தின் அடியில் படியும். குகைகளில் கற்றூண்களைப் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்க்கும் அதே செயல், நம் அடுக்களையில் சில வாரங்களில் நடந்தேறுகிறது. இத்தகைய நீரை வன்னீர் என்பர். அறிவியற் பாடங்களை ஆங்கிலத்தில் கற்றவன் நான். பள்ளியில் அதற்குப் பெரிய பெயர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்தறியாத நம் பாட்டிமார் ‘பருப்பு வேகாத தண்ணீர்’ என்று சொன்னதும் இதனையே. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடுவதால் அது எளிதில் குழைவதில்லை.

நிற்க. மாத முன்பணம் கேட்டு வருவோரின் காரணங்களைக் குறித்துக்கொள்வதும் என் வேலைகளுள் ஒன்று. ஒரு தொழிலாளர், ஓராண்டில் இரண்டாம் முறையாக மின்கெண்டி வாங்கப் பணம் கேட்டு வந்தார். தம் மனைவியின் கவனக்குறைவைப் பற்றி அலுவலகத்திலேயே உரக்கப் பேசினார். பழைய கெண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். அதன் அடியில் நகக்கனத்திற்கு வெண்காறை படிந்திருந்தது. காறை வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகையால் அடித்தகடு அளவுக்குமேல் சுடும். காவல் விசை நீர் கொதிக்குமுன்னரே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். காடியும் நீரும் சமபங்கு ஊற்றிச் சூடாக்கி ஒரு மணி நேரம் விட்டோம். காறை பொரிந்து கரைந்தது; கெண்டி முன்போல் கொதித்தது. அவர் ஒன்றும் பேசாமல் அதனை எடுத்துக்கொண்டு போனார். அந்த அம்மையார் அதுவரை கேட்ட ஏச்சுகளை யார் கரைப்பது?

கெண்டிக்கு நேர்ந்தது குளியலறை வெந்நீர்ப் பெட்டிக்கும் நேரும். நீராவித் தேய்ப்புப் பெட்டியின் துளைகள் அடைபடும். குளிர்ந்த நீரில் துவைக்கும் இயந்திரத்தில் காறை குறைவே. ஆயினும் சவுக்காரம் சுண்ணாம்போடு கூடிப் பிசுக்காகி நூலில் ஒட்டுவதால் துணி விறைத்து மங்கும்.

இனி, இந்நீரால் உடலுக்குக் கேடுண்டோ என்னும் அச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சமுள்ள இடத்தில் வணிகன் நுழைவான். வடிகட்டி விற்போர் சிலர் வீடுதோறும் வந்து, குவளை நீரில் மின்கம்பிகளை இறக்கி, அது செங்காவியாய்க் கலங்குவதைக் காட்டித் தாய்மாரை நடுங்கச் செய்கின்றனர். அக்கலங்கல் பெரும்பாலும் அவர்களுடைய இரும்புக் கம்பியே கரைந்து உண்டாகும் துரு! உப்புகளற்ற நீரில் மின்சாரம் நன்கு பாயாமையால் அவர்களது நீர் தெளிவாய் நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் நீரின் வன்மைக்கு உடல்நலம் கருதி வரம்பு எதுவும் விதிக்கவில்லை. மேலும், கரி வடிகட்டி குளோரின் வாடையைப் போக்குமேயன்றிச் சுண்ணாம்பைப் போக்காது. கடன்பட்டு அதனை வாங்கியவர் வீட்டிலும் காறை படியவே செய்யும்.

செய்யத்தக்கவை எளியவை. மழைநீரை ஒரு புட்டியிலும் குழாய்நீரை மற்றொன்றிலும் எடுத்து, ஒரே அளவு சவுக்காரச் சீவலிட்டுக் குலுக்குக. நுரையின் வேற்றுமையே விடை சொல்லும். கெண்டிக்கு மாதமொருமுறை காடியோ எலுமிச்சைச் சாறோ போதும். பின் கழுவி, ஒருமுறை நீர் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுக. குளோரின் கலந்த வெளுப்பு நீரோடு காடியை ஒருபோதும் சேர்க்கலாகாது, நச்சுவாயு எழும். பருப்புக்கு, கொதிக்கவைத்துத் தெளியவிட்ட நீரைப் பயன்படுத்துக. துணிக்கு மழைநீர் நன்று. தொட்டியை மூடிவையாவிடில் கொசு பெருகும்.

ஊர் முழுமைக்கும் நீரை மென்மையாக்கும் வழியும் உண்டு. அபர்டீன் நகர வேதியியற் பேராசிரியர் தாமஸ் கிளார்க், நீரிலுள்ள சுண்ணாம்பை மேலும் சுண்ணாம்பிட்டே படியவைக்கும் முறைக்கு 1841-இல் காப்புரிமை பெற்றார். முள்ளை முள்ளால் எடுப்பதன்றோ இது! இத்தகைய பணியைத் தனி வீடு செய்யவியலாது. தோட்டத்தார் ஒன்றுகூடி, கிணற்று நீரைச் சோதித்து அதன் கணக்கை வெளியிடுமாறு நிர்வாகத்தைக் கேட்கலாம். அது கேட்கத்தக்க உரிமையே.

அதற்கு நாளாகலாம். அதுவரை, அடுத்தமுறை பருப்பு வேகாதபோது, அடுப்பருகே நிற்பவளை ஏசுமுன் அந்த இரண்டு புட்டிகளையும் ஒருமுறை குலுக்கிப் பார்ப்போமாக.