நடக்காத ஓராண்டின் வெளிச்சம்

தென்மேற்கு தில்லியில் அந்த வீட்டை நாங்கள் போய்ப் பார்த்தது 2019 ஏப்ரலில், ஒரு ஞாயிறு காலை 11 மணிக்கு. நான்கு மாடிக் கட்டிடத்தில் இரண்டாம் தளம். தெற்குப் பார்த்த முன்னறை முழுக்க வெளிச்சம். எதிரே 6 மீட்டர் சந்து. சந்துக்கு அப்பால் குப்பையும் வேப்பங்கன்றுமாக ஒரு காலி மனை. "தெற்குப் பார்த்த வீடு, மேடம். வருஷம் பூரா வெளிச்சம்" என்றார் தரகர். கண்புரை அறுவை முடிந்து எங்களோடு வந்து தங்கியிருந்த அம்மா, சன்னலோரம் நின்று, பையிலிருந்த மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைத் தடுமாறாமல் படித்துக் காட்டினாள். அந்த நிமிடமே வீடு முடிவாகிவிட்டது. மறுநாள் 2 லட்சம் முன்பணம்.

அகமதாபாதில் கட்டிடக் கலை முதுகலை படித்துக்கொண்டிருந்த அக்கா மகன்தான் குட்டையைக் குழப்பினான். "வருஷம் பூரான்னா எத்தனை மணி நேரம், சித்தி?" ஒரு கட்டிடத்துக்குள் ஆண்டு முழுவதும், மணிக்கு மணி, எவ்வளவு பகலொளி விழும் என்று கணிப்பொறியில் கணக்கிடுவதுதான் அவனுடைய ஆய்வு. அவன் அடிக்கடி சொன்ன 'சிமுலேஷன்' என்ற சொல்லைப் 'பாவனை' என்று பெயர்க்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவன் நாடாவை எடுத்துச் சன்னலை அளக்கத் தொடங்கிவிட்டான். அவரவர் தொழில் புத்தி.

வெயில் வேறு, வெளிச்சம் வேறு என்பது தமிழ் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் கட்டிடக் கலைஞர்கள் பல பத்தாண்டுகளாகக் கணக்கிட்டது வெளிச்சத்தை மட்டும்தான். வானம் முழுக்க மேகம் மூடியிருப்பதாக வைத்துக்கொண்டு, வெளியே இருக்கும் ஒளியில் நூற்றுக்கு எத்தனை பங்கு மேசைக்கு வந்து சேர்கிறது என்று பார்ப்பார்கள். இந்தக் கணக்கில் தெற்குச் சன்னலுக்கும் வடக்குச் சன்னலுக்கும் ஒரே மதிப்பெண். மழைக்கால ஐரோப்பாவுக்குச் சரி, தில்லிக்கு? இந்தியத் தர விதிகள் தெளிந்த வானத்தை எடுத்துக்கொண்டன. சூரியன் 15 பாகை உயரத்தில், வெளியே 8,000 லக்ஸ். அதுவும் ஒரே ஒரு கணத்தின் கணக்குதான்.

புதிய முறை 8,760 மணி நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தில் கிரெக் வார்ட் 1980களில் உருவாக்கத் தொடங்கிய 'ரேடியன்ஸ்' என்ற மென்பொருளை அவன் பயன்படுத்தினான். இலவசமாகவே கிடைக்கிறது. வானத்தை 145 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலிருந்தும் என் மேசைக்கு எவ்வளவு ஒளி வந்து சேரும் என்று ஒரே ஒரு முறை கணக்கிடுகிறார்கள். 1983இல் பிரிட்டனில் டிரெகென்சாவும் வாட்டர்ஸும் முன்வைத்த யோசனை இதற்கு அடிப்படை. பிறகு ஒவ்வொரு மணிக்கும் அந்தத் துண்டு எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதால் பெருக்க வேண்டியதுதான். மளிகைக் கடைக்காரர் விலைப்பட்டியலை மாற்றாமல் அளவை மட்டும் மாற்றிக் கணக்குப் போடுவதைப் போல.

வானத்தின் பிரகாசம் எங்கிருந்து தெரியும்? அதற்கு வானிலைக் கோப்பு. என்னை ரொம்பவும் கவர்ந்தது இதுதான். பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து வழக்கமான ஜனவரி ஒன்று, வேறோர் ஆண்டின் வழக்கமான பிப்ரவரி ஒன்று என்று பொறுக்கி ஒட்டிய ஆண்டு அது. அப்படி ஓர் ஆண்டு நடந்ததே இல்லை. நடக்காத ஆண்டுக்குப் பஞ்சாங்கம்! தில்லியின் நவம்பர்ப் புகை அதில் எவ்வளவு இருக்கும் என்பது எந்த ஆண்டின் நவம்பரைப் பொறுக்கினார்கள் என்பதைப் பொறுத்தது.

100 லக்ஸுக்குக் கீழே போனால் விளக்கு வேண்டும். 2,000க்கு மேலே போனால் கண் கூசும், திரையை இழுத்துவிடுவோம். இடைப்பட்டதே பயனுள்ள பகலொளி என்று நபில், மார்டல்யெவிச் இருவரும் 2005இல் வகுத்தார்கள். வணிகக் கட்டிடங்களுக்கான இந்திய எரிசக்தி விதித்தொகுப்பு 2017இல் இதே அளவை ஏற்றது. வீடு விற்கிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு வண்ணப் படங்கள் அனுப்பினான். காலி மனையோடு போட்ட படத்தில் முன்னறை பெரும்பாலும் மஞ்சள். எதிரே தில்லி விதி அனுமதிக்கும் 17.5 மீட்டர் உயரத்துக்குக் கட்டிடம் எழுப்பிப் போட்ட படத்தில், சன்னலோரம் ஒரு கீற்றைத் தவிர எல்லாம் நீலம். காரணத்தை அறிய மென்பொருளே வேண்டாம். டிசம்பர் நண்பகலில் தில்லிச் சூரியன் 38 பாகைதான் ஏறும்; எதிர்க் கட்டிடமோ 55 பாகைக்கு மேல் மறைக்கும்.

"அங்கே பூங்கா வரப்போகிறது" என்றார் தரகர். நான்காம் தளம் 7 லட்சம் கூடுதல். அம்மாவின் முழங்காலுக்கும் ஆகாது. "எல்ஈடி விளக்கு என்ன விலை?" என்றார் கணவர். முன்பணம் திரும்பாது என்பதும் சேர்ந்துகொள்ள, வாங்கிவிட்டோம்.

2022இல் எதிரே நான்கு மாடி எழும்பியது.

அந்தக் குளிர்காலத்தில் அம்மா பத்திரிகையோடு முன்னறைக்கு வந்து உட்கார்ந்து, சற்று நேரத்தில் எழுந்து போய்விடுவாள். மொட்டை மாடி நான்காம் தளக்காரருடையது. நல்லவர்கள், சாவி தருகிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். அம்மாவுக்குக் கேட்கக் கூச்சம். நான் ஒரு கையில் நாற்காலியோடு முன்னே ஏறுவேன், அவள் கைப்பிடியைப் பற்றிப் படிப்படியாக வருவாள். 11 மணிக்குப் போனால் 1 மணி வரை வெயில்.

அக்கா மகன் ஒளிமானி ஒன்றை அனுப்பி, ஜனவரியில் ஒரு நண்பகல் மேசை மேல் வைத்துப் பார்க்கச் சொன்னான். 70 லக்ஸ். அவன் கணக்கில் 100க்குக் கொஞ்சம் மேல். எங்கே தவறியது என்று அரை மணி நேரம் தொலைபேசியில் துருவினான். எதிர் வீட்டுச் சுவருக்கு வெள்ளைப் பூச்சு என்று வைத்திருந்தானாம். அவர்கள் பதித்திருப்பது கருஞ்சிவப்பு ஓடு.

"அப்போ கணக்கு சரிதான், சித்தி!" என்றான் சந்தோஷமாக. நான் விளக்கைப் போட்டுக்கொண்டு மெய்ப்புத் திருத்த உட்கார்ந்தேன்.