ஹட்டன் மலையில் ஒரு மாலைச் சமையல்

கோழிக் கறி என்றாலே நம் வீடுகளில் அது வெள்ளிக்கிழமைச் சமையல். இல்லையென்றால் விருந்தாளி வந்த நாள் சமையல். மசாலா அரைக்கவே ஒரு மணி நேரம் வேண்டும் என்று நினைப்பவள் நான். வேலை நாளில், அதுவும் மாலை மங்கும் நேரத்தில் யார் கோழி ஆக்குவார்கள்? இரண்டு முட்டையைப் பொரித்துப் போட்டால் போதும் என்பதே என் வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றியது, 2024 அக்டோபரில் இலங்கை மலையகத்தில் நான் கழித்த ஒரு வாரம்.

என் கணவரின் சாச்சி குடும்பம் மூன்று தலைமுறையாக ஹட்டனில் வாழ்கிறது. சாச்சி அங்கே பள்ளி ஆசிரியை. கொழும்புக் கோட்டையில் காலையில் ரயில் ஏறினோம். நாவலப்பிட்டி தாண்டியதும் ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு மலை ஏறுகிறது. வியர்த்துக் கொட்டிய நமக்குச் சட்டென்று சால்வை தேவைப்படுகிறது. ஜன்னலுக்கு வெளியே எங்கு பார்த்தாலும் தேயிலை, தேயிலை, தேயிலை!

ஒரு காலத்தில் இவையெல்லாம் கோப்பித் தோட்டங்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு, சில ஆண்டுகளில் அந்தப் பயிரே அழிந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். பிறகு மலையெல்லாம் தேயிலை ஆயிற்று. துரையின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து கடல் கடந்து போய், மன்னாரிலிருந்து காட்டு வழியே கால்நடையாக மலையேறி, அந்த மண்ணைத் திருத்திய ஏழைகளின் பெயர்கள்தாம் எங்கும் இல்லை.

சாச்சி வீட்டுக் குசினி

சாச்சி பள்ளியிலிருந்து வரும்போது மூன்று மணி ஆகிவிடும். வந்ததும் சற்றுச் சாய்ந்துவிட்டு, அஸர் தொழுதபின் குசினிக்குள் நுழைவார். (அடுப்பங்கரையை அங்கே குசினி என்கிறார்கள்.) மஃரிப் பாங்கு சொல்லும் முன் கறி இறங்கியிருக்கும்!

"எப்படி சாச்சி?" என்று கேட்டேன்.

"ராத்திரியே பாதி வேலை முடிஞ்சிடும் மகள்" என்று சிரித்தார்.

முந்திய இரவே கோழியைச் சிறு துண்டுகளாக்கிக் கழுவி, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், வறுத்த கறித்தூள் பிசறிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறார். மாலையில் வெங்காயம், பச்சை மிளகாய், தட்டிய இஞ்சி பூண்டு, கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை ஆகியவற்றைத் தேங்காய் எண்ணெயில் வதக்கிக் கோழியைப் போடுகிறார். அது தன் தண்ணீரிலேயே பத்து நிமிடம் வேகும். பிறகு உருளைக்கிழங்கும் இரண்டாம் தேங்காய்ப் பாலும். கடைசியில் முதற்பால் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கி, எலுமிச்சை பிழிகிறார். தொட்டுக்கொள்ளப் பாண். நாம் ரொட்டி என்று கடையில் வாங்குவதைத்தான் அங்கே பாண் என்கிறார்கள்.

மறுநாள் அதே கோழி வேறு உருவில் வரும். நுவரெலியாப் பக்கத்து லீக்ஸ், கேரட்டுடன் மிளகுத்தூள் தூவி ஒரு பிரட்டல். எலும்பும் கழுத்தும் மிஞ்சினால் அவற்றைக் கொதிக்க வைத்து ஒரு மிளகுச் சாறு. அந்தக் குளிருக்கு அது தொண்டையில் இறங்கும்போது வரும் சுகத்தை எழுத முடியாது.

ஆனால் ஒரு சங்கதி. நம் ஊரில் வேகும் நேரத்தில் அங்கே வேகாது. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், ஹட்டனில் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 94 பாகைதான். கொதிக்கிறதே என்று அவசரப்பட்டு இறக்கினால் எலும்போரம் சிவப்பு மாறாமல் இருக்கும். அதனால்தான் துண்டுகளைச் சிறிதாக வெட்டுகிறார்கள். மூடியைத் திறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் விடுகிறார்கள்.

லயத்து அடுப்பு

ஒரு சனிக்கிழமை, அருகிலிருந்த தோட்டத்துக்குச் சாச்சி என்னை அழைத்துப் போனார். அவரிடம் படித்த ஒரு பிள்ளையின் தாய் எங்களை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். கொழுந்து பறிக்கும் பெண் அவர்.

நாங்கள் போனபோது அவர் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்தார். காலையில் பிரட்டுக்குப் போனவர். நாளொன்றுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குக்குக் கொழுந்து குறைந்தால் முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான். கால்களில் அட்டை கடித்த தழும்புகள். லயம் என்பது வெள்ளையர் காலத்து நீண்ட கட்டடம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒரு திண்ணையும். அதற்குள்தான் படுக்கையும் படிப்பும் அடுப்பும்.

கை கால் கழுவிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கணவர் ஒடித்துக் கொடுத்தார். மகன் கிழங்கு தோல் சீவினான். யாரும் யாருக்கும் கட்டளை இடவில்லை. அரைக் கிலோ கோழி, அதே அளவு உருளைக்கிழங்கு. நனைந்த குச்சி புகைந்தது, அவர் ஊதினார். சட்டியின் மூடிமேல் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்தார். ஆவி வெளியேறாமல் மூடி அழுந்தி நிற்கும். செம்புத் தண்ணீரும் சூடாகிவிடும். அந்தச் சுடுதண்ணீரையே பிறகு குழம்பில் ஊற்றினார். மலை அடுப்பின் கணக்கு அவருக்குப் பாடப் புத்தகமில்லாமலே தெரிந்திருந்தது!

தட்டு வைத்ததும் நான் சற்றுத் தயங்கினேன். நான் தயங்கியதன் காரணம் நம் சகோதரிகளுக்குச் சொல்லாமலே புரியும். வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவரே சொன்னார்: "டவுன்ல உங்க ஆளுங்க கடையிலதான் மத்தியானம் இவரை அனுப்பி வாங்கினேன் தங்கச்சி. டீச்சர் வாற நாளெல்லாம் அப்பிடித்தான். பயப்படாம சாப்பிடுங்க."

எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தச் செப்டம்பரில்தான் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் என்று அரசு வர்த்தமானியில் அறிவித்திருந்தது. 2021இல் மொத்த நாட்கூலி 1,000 ரூபாயாக உயர்ந்ததே பெரும் போராட்டத்துக்குப் பிறகுதான். ஒரு கிலோ கோழியோ அப்போது ஆயிரம் ரூபாயைத் தொட்டும் தாண்டியும் விற்றது. நாள் முழுக்கக் கூடை சுமந்து பெற்ற கூலியில் பெரும் பங்கு அன்று எங்கள் தட்டில் இருந்தது. என் மார்க்கத்தை நான் கேளாமலே மதித்த அன்பும் அதனுடன் இருந்தது.

பரிமாறும் முன் இன்னொன்றும் செய்தார். ஒரு கிண்ணத்தில் குழம்பு ஊற்றி, அடுத்த வீட்டில் காய்ச்சலாகக் கிடந்த பாட்டிக்கு மகனிடம் கொடுத்தனுப்பினார். குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நான் எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறேன்! அதைச் செய்யக் கண்டது அந்த லயத்தில்தான்.

ஊர் திரும்பிய பின்

சகோதரிகளே! எளிய சமையல் என்பது சோம்பேறிச் சமையல் அல்ல. பகலெல்லாம் உழைத்த உடம்பின் மீது இரக்கம் வைத்துச் செய்யும் சமையல் அது. முதல் நாள் இரவில் பத்து நிமிடம், கைவசம் கறித்தூள், சிறிய துண்டுகள், கூடவே ஒரு காய் இருந்தால் அரைக் கிலோவில் ஆறு பேர் சாப்பிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் உள்ளவர்கள் கை கொடுக்க வேண்டும். நபியவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாருக்கு உதவியாக வேலை செய்துகொண்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்களே! அப்படியிருக்க, கிழங்கு சீவுவது நம் ஆண்களுக்கு எப்படிக் குறைவாகும்?

இப்போது எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமையும் கோழி மணக்கிறது. கிழங்கு சீவுவது என் கணவர். வெங்காயம் உரிப்பது மகன். முதல் வாரம் அழுதான், இப்போது பழகிவிட்டான். மூடிமேல் ஒரு செம்புத் தண்ணீர் வைக்கிறேன். நம் ஊர்ச் சூட்டுக்கு அது தேவையில்லைதான். ஆனாலும் வைக்கிறேன். குழம்பு கொதிக்கும்போது அந்தச் செம்பு மெல்ல ஆடும். உடனே அடுத்த வீட்டுக் கிண்ணத்தை எடுத்து வைப்பேன்.